சுண்ணாம்பு வாளியும் நோன்புக் கஞ்சியும்: ஊவாத் தோட்டங்களின் வீட்டு வரலாறு

ஊவா முஸ்லிம்களின் வரலாற்றை எழுத உட்காருகிற நம்மவர் அநேகமாக இரண்டு இடங்களில் தரித்து நின்றுவிடுகிறார்கள். ஒன்று, வெல்லஸ்ஸயில் ஹாஜி மரைக்காரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்ததும், அதை உடனடிக் காரணங்களில் ஒன்றாகக் கொண்டு 1817இல் வெடித்த கிளர்ச்சியும். மற்றது, எந்தப் பள்ளிவாசலுக்கு யார் அத்திவாரக் கல் வைத்தார் என்ற கதை. இரண்டும் வேண்டியவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கு நோன்பு திறக்கப் போன மனிதர் எந்த வீட்டிலிருந்து போனார், அந்த வீட்டுச் சுவருக்கு என்ன பூசியிருந்தது, அடுப்பில் என்ன கிடந்தது என்று கேட்டால், ஆய்வுக் கட்டுரைகளில் பதில் கிடைக்காது.

வீட்டைத் திருத்துவது, சோடிப்பது, காலத்துக்கு ஏற்றமாதிரி ஆக்கிப் போடுவது எல்லாம் பொம்பிளைகளின் விஷயம் என்று ஒதுக்கி வைத்ததால் வந்த குறை இது. பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்தச் சின்ன வேலைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பெரிய விஷயம் துலங்கும். லயத்துக் காம்பராவில் குடியிருந்த குடும்பம், அது முஸ்லிம் குடும்பமோ இந்துக் குடும்பமோ, வீட்டுக்குச் செய்த அழகெல்லாம் கழற்றி எடுக்கக் கூடியது, இல்லாவிட்டால் மழையில் கழுவுண்டு போகக் கூடியது. ஏனென்றால் சுவர் அவர்களுடையது இல்லை. இந்தக் கட்டுரை அந்தச் சுவரைப் பற்றியதும், அதன் கீழே எரிந்த அடுப்பைப் பற்றியதும்தான்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹற்றனும் நுவரெலியாவும் நனைகிற மாதங்களில் ஊவா காய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் தன் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றாக இறங்கும். அதைத்தான் கச்சான் என்கிறோம். ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை அது அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைச் சரிவுகளில் அடிக்கும்போது தேயிலைக் கொழுந்து மெல்ல வளரும். அந்த வாட்டத்தில் அதற்கு ஒரு தனி வாசம் ஏறும். ஊவாத் தேயிலை என்று உலகச் சந்தையில் பேர் வாங்கியதெல்லாம் அந்த மூன்று மாதத்துச் சரக்குத்தான். வாசம் ஏறுகிற காலத்தில் நிறை இறங்கும். கூடையில் நிறை இறங்கினால் கொழுந்து பறிக்கிறவரின் கையில் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பிறகு ஒக்டோபரில் மழை தொடங்கினால் ஜனவரி வரை விடாது.

இந்த அசையாத காலநிலைக்கு மேலாக நம்முடைய பிறைக் கணக்கு நடந்து போகிறது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு என்பதால் ரமழான் வருசா வருசம் முன்னால் நகரும்; 33 பிறை ஆண்டுகள் ஏறக்குறைய 32 சூரிய ஆண்டுகள். அறுபத்தைந்து வயது காணுகிற ஓர் உம்மும்மா, கச்சான் காற்றில் நோன்பையும் அடைமழையில் நோன்பையும் தலா இரண்டு தடவையாவது சந்தித்திருப்பார். 1998இலிருந்து 2004 வரை வந்த ரமழான்கள் பெரும்பாலும் மழை மாதங்களில் விழுந்தன. 2009இலிருந்து 2013 வரை வந்தவை ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில் விழுந்தன. இந்துக் குடும்பத்தின் தீபாவளி எப்போதும் ஒக்டோபர், நவம்பர்தான். அதற்கென்று வீடு துப்புரவாக்கும் முறை ஒன்று பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒன்றாகவே இருக்கும். முஸ்லிம் வீட்டில் அப்படியில்லை. ஒவ்வொரு தலைமுறையும் பெருநாள் வேலையைப் பருவத்துக்குத் தக்கபடி திரும்பப் பழக வேண்டியிருந்தது.

இந்த முஸ்லிம்கள் யார் என்பதையும் சுருக்கமாகச் சொல்லி வைக்கலாம். கோப்பிக்கும் தேயிலைக்கும் முன்னரே இங்கே இருந்த ஊவா, வெல்லஸ்ஸ ஊர்களின் சோனகர் ஒரு சாரார். மட்டக்களப்புக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் பாயும் ஏற்றிப் பிபிலை, லுணுகலை, பசறை வழியாகத் தவளம் நடத்தியவர்களும், திரும்பும்போது பாக்கு கொண்டுபோனவர்களும் இவர்களில் அடக்கம். இலங்கை றைபிள் படை 1873இல் கலைக்கப்பட்ட பின்னர் பொலிஸ், தோட்டக் கணக்கு வேலை என்று பரவிய மலாய்க் குடும்பங்கள் இன்னொரு சாரார். தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் உள்ளூர்களிலிருந்தும் கடை வைக்கவும், கங்காணியோடு கூலிக்கும் வந்தவர்கள் மூன்றாம் சாரார். லயத்தில் குடியிருந்த முஸ்லிம்கள் இந்தக் கடைசிச் சாராரில் ஒரு சிறு பகுதி. பத்துக் காம்பரா உள்ள லயத்தில் ஒரு வீடு, இரண்டு வீடு என்றுதான் இருக்கும். பள்ளி தூரம், டவுனுக்கு நடக்க வேண்டும். அதனால் மார்க்கத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேதான் நடந்தது, வீடு எப்படி இருக்கிறது என்பது அவர்களுக்கு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

காம்பராவின் அளவு பலரும் எழுதியது: பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்ற ஒடுங்கிய திண்ணை. இரட்டை லயமானால் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவர், யன்னலுக்கு வழியில்லை. சமையலும் அதற்குள்ளேதான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கம்பை, அதாவது மிலாறை, அடுப்பில் வைத்தால் நல்லாத்தான் எரியும்; ஆனால் புகைபோக்கி இல்லாத அறையில் அந்தப் புகை தகரத்தில் முட்டிச் சுவரில் இறங்கும். ஆறு மாதத்தில் சுவர் கருங்கல் நிறம். வேலையை விட்டால் காம்பராவையும் விட வேண்டும் என்பது எழுதியும் எழுதாமலும் இருந்த சட்டம். அப்படியான இடத்தில் யார் காசு போட்டுச் சீமெந்து பூசுவார்? சுண்ணாம்புதான் ஏலுமான காரியம்.

சுண்ணாம்பு ஊவாவுக்கு வெளியூர்ச் சரக்கும் இல்லை. பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துச் சுண்ணக்கல் பழங்காலத்திலிருந்தே சூளையில் நீறியது. கட்டிச் சுண்ணாம்பை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்து எழும்பும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். ஒரு நாள் ஊறவிட்டு, சீலையில் வடித்து, ஒரு பிடி உப்பும் கொஞ்சம் அரிசிக் கஞ்சித் தண்ணியும் கலப்பார்கள், கையில் ஒட்டாமல் சுவரில் ஒட்டுவதற்கு. கடைசியில் உடுப்புக்குப் போடுகிற நீலம் ஒரு துளி. நீலம் போட்டால் மஞ்சள் தட்டாமல் வெள்ளை வெள்ளையாகவே தெரியும். தும்புப் பொச்சை நசுக்கிக் கட்டினால் அதுதான் தூரிகை.

இதில் பருவத்தின் வேலை எங்கே வருகிறது என்றால், சுண்ணாம்பு காய்வதில். அது வெறுமனே தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. ஈரம் இருக்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத் திரும்பக் கல்லாக இறுகுகிறது. கச்சான் காற்றில் பூசினால் ஈரம் ஒரு மணித்தியாலத்தில் பறந்து, சுவரில் கைவைத்தால் மாவு மாதிரி வரும். நவம்பர் மழையில் பூசினால் இறுகுவதற்கு முன்னரே வெளிச்சுவரில் கோடு கோடாக வடியும். ஊவாவில் சுண்ணாம்புக்குச் சரியான நேரம் இரண்டு: மழை விட்ட பெப்ரவரி, மார்ச், அல்லது காற்று ஓய்ந்து மழை பிடிப்பதற்கு முன்னுள்ள செப்டெம்பர் கடைசி. பெருநாள் இந்த இரண்டுக்கும் வெளியே விழுந்தால் குடும்பங்கள் ஒரு சமரசத்துக்கு வந்தன. காற்றுக் காலமானால் சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, பொழுது சாய்ந்த பிறகு பூசுவது. மழைக் காலமானால் வெளிச்சுவரை விட்டுவிட்டு உள்ளே மட்டும் பூசுவது. புகைக்கறை எப்படியும் இரண்டு கிழமையில் வெள்ளையை மீறிக் கசியும் என்பதும் தெரியும். பெருநாளைக்கு நாலு நாள் முந்திப் பூசு என்று மூத்தவர்கள் சொன்னது அதற்காகத்தான்.

நோன்புப் பெருநாளும் தீபாவளியும் ஒன்றையொன்று தொடுகிற வருசங்கள் உண்டு. 1973இலும், பிறகு 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இரண்டும் ஒரே கிழமைக்குள் வந்தன. மலேசியாவில் இந்த இணைவுக்குத் தீபராயா என்று பேரே வைத்துக் கொண்டாடினார்கள். லயத்தில் பேர் ஒன்றும் வைக்கவில்லை. ஒரே வாளிச் சுண்ணாம்பு இரண்டு காம்பராவுக்கும் போனது, அவ்வளவுதான். இன நல்லுறவு பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த வாளியைக் கவனித்ததில்லை.

வெள்ளையடித்த சுவருக்குக் கீழே தரை. இங்கேதான் முஸ்லிம் வீடு அடுத்த வீட்டிலிருந்து உண்மையிலேயே வேறுபட்டது. மண் தரையைச் சாணம் போட்டு மெழுகுவது மலைநாட்டிலும் தமிழ்நாட்டிலும் பொது வழக்கம். தூசு எழும்பாது, பூச்சி அண்டாது. ஆனால் இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும், தமிழ்நாட்டு உள்ளூர்களிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனபி மத்ஹபிலும் சாணம் நஜிஸ். காய்ந்த நஜிஸுக்கு மேலே சுத்தமான பாய் விரித்துத் தொழுதால் தொழுகை கூடும் என்பது பிக்ஹு நூல்களின் தெளிவான தீர்ப்பு. என்றாலும் தீர்ப்பு வேறு, மனசு வேறு. நோன்பு திறக்கும் சாப்பாட்டையும் அதே தரையில் வைக்க வேண்டுமே! ஆகவே புற்றுமண்ணைச் சலித்து, அடுப்புச் சாம்பலும் களியும் சேர்த்துக் குழைத்துப் பூசுவது, அதைத் தட்டையான ஆற்றுக் கல்லால் தேய்த்து மினுக்குவது என்று ஒரு வேலைமுறை வந்தது. உழைப்பு இரட்டிப்பு. அடைமழையில் கீழேயிருந்து ஈரம் ஊறிவிட்டால் அந்தத் தரை சாணத் தரையைவிடச் சீக்கிரம் குழியும். அதனால்தான் மழைக் காலத்துப் பெருநாளுக்குப் பாய் முக்கியமாகிறது. கிழக்கிலிருந்து வரும் பன்பாய், முன்பு தவளத்தில் வந்தது, பிற்பாடு லொறியில் வந்தது, பெருநாளைக்குப் புதிதாக ஒன்று வாங்கப்படும். பழையது அடியில், புதியது மேலே. சுருட்டி எடுத்துக்கொண்டு போகக் கூடிய தரை என்று அதைச் சொல்லலாம்.

சோடனையும் அப்படித்தான். றபீஉனில் அவ்வல் மாதத்தில் மௌலித் ஓதுகிற வீட்டிலும், கலியாண வீட்டிலும் மேலே வெள்ளை கட்டுவார்கள். வெளுத்த சேலைகளை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டிவிட்டால் புகை படிந்த தகரம் மறைந்துபோகும். காம்பரா ஒரு கூடாரம் மாதிரி ஆகிவிடும். பட்டுத்தாளில் பூவும் சங்கிலியும் வெட்டித் தொங்கவிடுவது அடுத்தது. அந்தத் தாள் வெசாக் கூட்டுக்கு விற்கிற அதே தாள்தான். பதுளை பசார் வீதிக் கடைக்காரர் மே மாதத்தில் மிஞ்சிய கட்டை எடுத்து வைத்திருந்து நமக்கு விற்பார். மௌலித் ஓதுவது கூடுமா கூடாதா என்ற விவாதம் பிற்காலத்தில் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விவாதத்தோடு வெள்ளை கட்டுகிற வழக்கமும் பல வீடுகளில் நின்றுபோனது என்பதை வரலாறு எழுதுகிறவர் குறிக்காமல் விட ஏலாது.

சுவரில் பத்திரிகை ஒட்டுவது எல்லா லயங்களுக்கும் பொது. கோதுமை மாப் பசையில் இரண்டு மடிப்புத் தாள் ஒட்டினால் பலகை இடுக்கு வழியாக வருகிற குளிர் நிற்கும். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் வந்த பிறகு தமிழ்த் தாள் தாராளமாகக் கிடைத்தது. அதற்கு முன் துரை பங்களாவிலிருந்து வந்த இங்கிலீஸ் தாள். முஸ்லிம் வீட்டில் ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை கண்ணோட்டிப் பார்ப்பார்கள். அல்லாஹ்வின் பேரோ றசூலின் பேரோ அச்சாகியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பசை. எழுத்து வாசிக்கத் தெரியாத தாய், அதற்காகவே பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் நாலாம் ஐந்தாம் வகுப்போடு நின்ற காலத்தில், இது ஒரு வாசிப்புப் பழக்கம்தான்.

கூரைக்கு வெள்ளையும் பூவும் போதாது. கச்சான் மாதங்களின் வீட்டு வேலை கூரைதான். தகரத்தின் ஆணி ஓட்டைகளுக்குத் தார் வைப்பது, காற்றில் கிளம்பாமல் கல்லும் மண் மூட்டையும் ஏற்றுவது. மழை தொடங்கிய பிறகு தார் ஒட்டாது. நோன்பு அந்த மாதங்களில் வந்தால் ஆண்பிள்ளைகள் வாய் காய்ந்து கூரையில் ஏற வேண்டியிருக்கும். ஆகவே ஷஃபானிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள்.

இனி அடுப்படி. நோன்புக் கஞ்சியை நாம் இப்போது பள்ளிவாசல் அண்டாவோடும் சமோசாவோடும் சேர்த்து நினைக்கிறோம். லயத்தில் அது கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு தாயின் சமையல். ஒரு சுண்டு அரிசியைச் சோறாக்கினால் இரண்டு பேருக்கும் காணாது. அதே சுண்டைக் கஞ்சியாக்கினால் ஆறு பேர் நோன்பு திறக்கலாம். அரிசியோடு ஒரு கைப்பிடி பயறு, வெந்தயம், நிறைய உள்ளி, இஞ்சி, ரம்பை, ஒரு துண்டுப் பட்டை. இறைச்சி கிடைத்தால் எலும்புத் துண்டு. குழைந்து வந்த பிறகு தேங்காய்ப் பால். உயரமான தோட்டங்களில் தென்னை காய்க்காது. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து ஏறி வர வேண்டும். அதனால் மூன்றாம் பால் வரைக்கும் பிழிந்து, கடைசிப் பாலில் அரிசியை அவிய வைத்து, முதற் பாலை இறக்குகிற நேரத்தில் ஊற்றுவார்கள். டிசம்பர் குளிரில் மிளகும் இஞ்சியும் கூடும். காற்று மாதங்களில் வெந்தயம் கூடும், சூட்டைத் தணிக்கும் என்று. இதுதான் பருவச் சமையல். இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

இந்தக் கஞ்சி எதைத் தாங்கியது என்பதை இரண்டு வருசங்கள் காட்டும். 1927இன் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் கூலியை மட்டுமின்றித் தோட்டம் கொடுக்க வேண்டிய அரிசிக்கும் விலையை நிர்ணயித்திருந்தது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942இன் முதல் மாதங்களில் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது, பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதில் கோதுமை மா வந்தது. தோட்டத்துச் சனம் ரொட்டிக்குப் பழகியதன் முக்கியமான காலம் அதுதான். அந்த வருசம் ரமழான் செப்டெம்பர் நடுவில் தொடங்கியது.

அடுத்த பெரிய பஞ்சம் 1973, 1974. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. கூப்பன் அரிசி குறைந்தது, மாவும் சீனியும் விலை கூடின, அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை போட்டுத் தெருவில் சோதனை நடந்தது. வயலும் இல்லை, மரக்கறி நடச் சொந்த நிலமும் இல்லை என்ற நிலையில் தோட்டங்கள்தான் கூடுதலாக அடிபட்டன. அங்கே இறப்பு வீதம் ஏறியதை அரசாங்கப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. 1942க்குச் சரியாக 32 சூரிய ஆண்டு கழித்து, பிறை தன் வட்டத்தை முடித்துத் திரும்பி வந்து, 1974இன் ரமழானும் அதே செப்டெம்பர் நடுவில் தொடங்கியது. இது தற்செயல்தான், அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டியதில்லை. ஆனால் முதற் பஞ்சத்தில் புது மருமகளாக இருந்த ஒருத்தி இரண்டாவதில் மாமியாக இருந்திருப்பாள். மழை தொடங்கப் போகிற அதே காலம், அதே வெறும் பானை. காற்றுக் காலம் முடிந்து அந்த நேரத்தில் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்: மரவள்ளி, வத்தாளைக் கிழங்கு, லயத்துக்குப் பின்னால் தானாக முளைத்த கீரை, வைத்திருந்து வறுத்த பலாக்கொட்டை. ஒரு சுண்டு அரை சுண்டாகும்போது கஞ்சியை எதைப் போட்டுத் தடிப்பாக்குவது என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருந்தது. வெலிமடை, குருத்தலாவைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. 1960களின் கடைசியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்ட பிறகு அங்கே கிழங்குச் செய்கை பெருகியிருந்தது. சிறுபோகத்தில் நெல் வயலிலேயே கிழங்கு போட்டார்கள். ஒரே மாவட்டத்து முஸ்லிம்கள், ஒரே பிறை. நிலம் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் நோன்பு திறக்கிற தட்டு ஒன்றாக இருக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளின் பருவச் சிக்கல் வேறு வகை. டவுனிலிருந்து பங்கு வருகிற நாளில் இறைச்சி நிறைய, மறுநாள் இல்லை. காற்றுக் காலமானால் உப்பும் மஞ்சளும் மிளகும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் உப்புக்கண்டம். 2005இலிருந்து 2014 வரை ஹஜ்ஜுப் பெருநாள் மழை மாதங்களிலேயே வந்தது, வெயிலை நம்ப முடியாது. அப்போது சுவரைக் கெடுத்த அந்தப் புகையே உதவிக்கு வரும். அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டு மிலாறுப் புகையில் ஒரு கிழமை வாட்டினால் இறைச்சி கறுத்து இறுகும். சிரட்டைக் கரியும் புகையும் சேர்ந்த அந்த வாசத்தை விரும்பிக் கேட்கிற டவுன்காரர் இன்றும் உண்டு. வட்டலப்பத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மலாய் வீட்டிலிருந்து வந்து எல்லார் வீட்டுப் பெருநாளுக்கும் சொந்தமானது, ஊவாவில் கித்துள் கருப்பட்டி கிடைப்பதால் ருசி ஒரு படி கூட. முட்டை பத்து வாங்க ஏலாத லயத்தில் அது எல்லா வருசமும் இல்லை.

இவ்வளவையும் விற்றவர் யார்? முக்கியமாக நம்மவர்தான், அதையும் மறைக்கக் கூடாது. பொட்டணி வியாபாரி தலையில் சேலை மூட்டையோடு லயத்துக்கு லயம் ஏறினார். டவுன் கடை தீபாவளி முற்பணத்தைப் பார்த்துச் சரக்கு இறக்கியது. 1924இல் ரயில் பதுளை வரைக்கும் வந்த பிறகு கொழும்புச் சரக்கு கடைவாசலுக்கே வந்தது. கடன் கொப்பியில் பேர் எழுதி, சம்பள நாளில் வசூலிக்கிற முறைதான் தோட்டத்துக்கும் கடைக்கும் இடையிலான உறவு. சேலை, சுண்ணாம்பு, நீலம், பட்டுத்தாள் எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்திருக்கும். அப்படியான பழைய கொப்பிகள் எந்தக் கடையின் பரணிலாவது இன்னும் கிடந்தால், கறையான் அரிப்பதற்கு முன் எடுத்துப் பாதுகாப்பது நம் ஆய்வு நிறுவனங்கள் செய்யக் கூடிய வேலை. அத்திவாரக் கல்லைவிட அதில் எழுத்து அதிகம்.

மறுபடி சுவருக்கு வருவோம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. எழுபதுகளில் கப்பலேறிய குடும்பங்கள் எதைக் கொண்டுபோயின என்று பார்த்தால், பாய், பித்தளைச் சட்டி, அம்மி, சேலை. கழற்றி எடுக்கக் கூடியது மட்டும்தான். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. சொந்தக்காரர் மாறினார், காம்பராவின் சட்டம் மாறவில்லை. ஒரு குசினியை வெளியே இழுத்துக் கட்டவும் அனுமதி கேட்க வேண்டும். தன் செலவில் கட்டினாலும் அது தோட்டத்தின் சொத்து. பிரஜாவுரிமைப் பிரச்சினை பின்னர் தீர்ந்தபோதும் சுவர்ப் பிரச்சினை தீரவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. தீபாவளி முடிந்து ஒரு கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றரைக் கிழமை. அபாயமான இடம் என்று அதற்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சனம் ஏன் எழும்பிப் போகவில்லை என்று கொழும்பில் இருந்து கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. நல்ல மழைக் காலத்தில், தகரத்துக்குத் தார் வைத்து, உள்ளே மட்டும் வெள்ளையடித்து, பாய் விரித்து இருந்த மனிதருக்கு, இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வேகமெடுத்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள். 2017இல் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவித்தார். வீடு கிடைத்த இடங்களில் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கட்டுரையின் கண்ணால் பார்த்தால் சுவாரசியம். முதலில் ஆணி அடிக்கிறார்கள். பிறகு பெயின்ட், பச்சை, ஊதா, செம்மஞ்சள், எதுவும் வெள்ளை இல்லை. சீமெந்துத் தரையில் டைல்ஸ் ஒட்ட ஆசை. பாய் தொழுகைக்கு மட்டும். முஸ்லிம் வீட்டில் நிலைக்கு மேலே ஆயத்துல் குர்ஸி சட்டமிட்டு மாட்டியிருக்கும். வீட்டுக்குள் அழகான குசினி இருக்க, பின்னால் நாலு தகரத்தைச் சாத்தி ஒரு விறகடுப்படியும் போட்டுவிடுகிறார்கள். உப்புக்கண்டத்துக்கும் பெரிய பானைக்கும் அதுதான் வேண்டும் என்கிறார்கள். காணி உறுதி கையில் கிடைக்காத குடும்பங்கள் இன்னும் நிறைய. உறுதி இல்லாத இடத்தில் டைல்ஸ் ஒட்டுவதா வேண்டாமா என்ற யோசனை பழைய காம்பராவின் யோசனைதான்.

2022இல் நோன்பு ஏப்ரல் மாதத்தில் வந்தது, நாட்டில் டொலர் இல்லை, காஸ் இல்லை. 2,675 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் அந்த நோன்பு முடிவதற்குள் 4,860 ரூபாவாக ஏறியது, அதற்கும் கியூவில் நிற்க வேண்டும். கோதுமை மாவும் எட்டாத விலை. பதுளை டவுனில் காஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளும் விறகு தேடின. தோட்டத்தில் அந்தக் கியூ இல்லை. கவ்வாத்து மலையில் மிலாறு கிடந்தது. தகரக் குசினியில் ஒரு சுண்டு அரிசிக் கஞ்சி ஆறு பேருக்கு அவிந்துகொண்டிருந்தது.